முதன்மைக் கூறுப் படம்: மென்பொருள் சொல்லாமல் செய்பவை

பல மாறிகளைச் சுருக்கி இரண்டு அச்சில் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கு 1901இல் கார்ல் பியர்சன் வித்திட்டார். 1933இல் ஹரோல்ட் ஹோட்டலிங் அதை விரித்தெடுத்தார். இன்று ஆர் மென்பொருளில் இரண்டு வரி எழுதினால் படம் வந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிக்குள் மென்பொருள் நமக்காக எடுக்கும் முடிவுகள்தான் கண்ணில் படுவதில்லை. ஆருடன் சேர்ந்தே வரும் 'யுஎஸ் அரெஸ்ட்ஸ்' தரவையே எடுத்துக்கொள்வோம். 1973இல் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் கொலை, தாக்குதல், பாலியல் வன்முறைக்காக லட்சம் பேருக்கு எத்தனை கைது, மக்களில் எத்தனை சதவீதம் நகரவாசிகள் என்ற நான்கு மாறிகள் அதில் உண்டு.

நம்பிக்கை: அளவு வேறுபாடுகளை மென்பொருளே சரிக்கட்டிவிடும்.

சரிக்கட்டாது. 'பிஆர்காம்ப்' கட்டளை ஒவ்வொரு மாறியிலிருந்தும் சராசரியைக் கழிக்கும், அவ்வளவுதான். திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டுமானால் 'ஸ்கேல்' என்ற இடத்தில் 'ட்ரூ' என்று நாம்தான் கொடுக்க வேண்டும். பழைய எஸ் மொழியோடு ஒத்துப்போவதற்காகவே இப்படி விட்டிருக்கிறார்கள். பொதுவாக வகுப்பதே நல்லது என்று ஆரின் உதவிக்குறிப்பே சொல்கிறது.

வகுக்காமல் விட்டால் நடப்பதைப் பாருங்கள். தாக்குதல் கைதுகள் வடக்கு டகோட்டாவில் 45, வட கரோலினாவில் 337. கொலைக் கைதுகளோ 0.8 முதல் 17.4 வரைதான். தாக்குதலின் பரவற்படி சுமார் 6,945. கொலையினுடையது வெறும் 19. முதல் அச்சு மட்டுமே மொத்தப் பரவலில் 96.6 சதவீதத்தை விளக்குவதாகத் திரையில் வரும். பார்ப்பவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் அந்த அச்சில் தாக்குதலின் எடை 0.995. நான்கு மாறிகளைச் சுருக்கியதாக எண்ணிக்கொண்டு ஒரே மாறியைத் திரும்ப வரைந்திருக்கிறோம்! வகுத்துவிட்டுப் பார்த்தால் முதல் அச்சு 62, இரண்டாவது 24.7 சதவீதம். எண் இறங்கினாலும், இப்போதுதான் மூன்று குற்றங்களும் ஏறக்குறைய சம எடையோடு முதல் அச்சில் சேர்கின்றன. இரண்டாவதை நகரவாசிகளின் விகிதம் ஆள்கிறது.

எல்லா மாறிகளும் ஒரே அலகில் இருந்து, பரவலின் வேறுபாட்டுக்கே பொருள் இருந்தால் வகுக்காமல் விடலாம். அதை ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். படத்தின் அடியில் எழுதவும் வேண்டும்.

நம்பிக்கை: வலப்பக்கம் போகப் போக அதிகம்.

திட்ட விலக்கத்தால் வகுத்த அதே தரவை ஆரில் படமாக வரைந்தால் புளோரிடா இடது ஓரத்திலும் வடக்கு டகோட்டா வலது ஓரத்திலும் விழும். முதல் அச்சின் எடைகள் எல்லாம் கழித்தல் குறியோடு வருவதால் கைதுகள் மிகுந்த மாநிலங்கள் இடப்பக்கம் போகின்றன. வேறு மென்பொருளில் இது அப்படியே புரண்டு வரலாம், பிழையல்ல. கணக்கு அச்சின் கோட்டைத்தான் தீர்மானிக்கிறது, எந்த முனை கூட்டல் என்பதை அல்ல. மாநிலத்தைக் குறிக்கும் புள்ளியும் மாறியைக் குறிக்கும் அம்பும் சேர்ந்தே புரளும் என்பதால் அம்புகளைப் பார்த்த பிறகே திசையைப் பற்றிப் பேச வேண்டும்.

நம்பிக்கை: 'பிளாட்' கட்டளை புள்ளிப்படம் தரும்.

பிஆர்காம்ப் முடிவை அதில் கொடுத்தால் ஒவ்வொரு கூறின் பரவற்படியைக் காட்டும் பட்டை வரைபடம்தான் வரும். புள்ளிகளும் அம்புகளும் வேண்டுமென்றால் 'பைபிளாட்'.

நம்பிக்கை: பைபிளாட்டில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம், தரவில் உள்ள தூரமே.

ரூபன் கேப்ரியல் 1971இல் முன்வைத்த இந்தப் படத்தை ஆர் தன் இயல்பில் வரையும்போது, இரண்டு அச்சிலும் புள்ளிகளின் பரவலைச் சமமாக்கிவிடுகிறது. 62 சதவீத அச்சும் 24.7 சதவீத அச்சும் ஒரே அகலம் போலத் தோன்றும். தூரங்களை ஒப்பிடுவது நோக்கமென்றால் பைபிளாட் கட்டளையில் 'ஸ்கேல்' மதிப்பைச் சுழியமாக்க வேண்டும். பிஆர்காம்பில் உள்ள 'ஸ்கேல்' வேறு, இது வேறு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை: இரண்டு அச்சும் சேர்ந்து 70 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் படம் வீண்.

2008இல் ஜான் நொவம்ப்ரேவும் சக ஆய்வாளர்களும் 1,387 ஐரோப்பியர்களின் மரபணுத் தரவை இப்படி வரைந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். இரண்டு அச்சும் சேர்ந்து ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் புள்ளிகள் ஐரோப்பிய வரைபடத்தின் சாயலில் விழுந்தன; ஐபீரியாவையும் இத்தாலியையும் பிரித்தறிய முடிந்தது. நிலப்படத்தோடு பொருந்த அச்சுகளைச் சற்றுத் திருப்பினார்கள், அதைக் கட்டுரையிலேயே சொல்லவும் செய்தார்கள். மாறிகள் லட்சக்கணக்கில் இருக்கும்போது முதல் இரண்டு கூறுகளின் பங்கு சிறுத்துத்தான் இருக்கும்.