சயனைடு மலையடியில் பச்சை பிடிக்க வைப்பது எப்படி?

ஜூன் மாதம் மேல்காற்று கிளம்பினால் எங்கள் லைன் வீடுகளில் முதலில் செய்கிற வேலை தண்ணீர்க் குடத்தை மூடுவதுதான். மூடியின்மேல் ஈரத்துணி போடுவோம். சாயங்காலம் அந்தத் துணியை உதறினால் மண் விழாது. முகப்பவுடர்போல நைசாக, சாம்பல் நிறத்தில் நூலுக்குள் ஏறிப் பிடித்திருக்கும், அலசினால்தான் போகும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலுக்கு வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்படும் வரை, பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பின் கொட்டிய மண் இது. மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். சயனைடு மலை என்று நாங்கள் சொல்வது இந்த மண்மேடுகளைத்தான். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து குழியில் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் நாங்கள் இன்னும் அதன் அடியில்தான் குடியிருக்கிறோம்.

இந்த மண்ணில் ஏதாவது வளர்க்க நினைக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் சொல்வது ஒன்றுதான்: மலை உச்சியிலோ சரிவிலோ ஆரம்பிக்காதீர்கள். மலைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள பட்டையான நிலத்தில் ஆரம்பியுங்கள்.

இதற்கு இரண்டு காரணம். 13 மண்மேடுகளில் மிச்சத் தங்கத்தை மறுபடி எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. இன்று உச்சியில் நட்டதை நாளை இயந்திரம் வாரிக்கொண்டு போகலாம். இன்னொன்று பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு வருஷம் ஜூன் மாதமே சரிவில் குழி தோண்டி, கூடைகூடையாகச் செம்மண் போட்டு நூறு கன்று நட்டோம். தீபாவளிக்குள் முக்கால்வாசி காய்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது மனசு ஆறவில்லை. வேர் செம்மண்ணைத் தாண்டவே இல்லை. தொட்டியில் வளர்த்த செடிபோலக் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. காற்றில் பறந்த மணல் இலைகளை ஓட்டை ஓட்டையாக அரித்திருந்தது.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். பெரும்பகுதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். அடுத்தது மண் சோதனை. பத்து இடங்களில் ஒரு சாண் ஆழம் ஆங்கில ‘வி’ எழுத்துபோல வெட்டி, மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். முகத்தில் மாஸ்க் வேண்டும். இந்த மண்ணிலுள்ள சிலிக்கா நுரையீரலை என்ன செய்யும் என்று எங்கள் தாத்தாக்களின் இருமலைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமிலத்தன்மை, உப்பு, சத்து பார்க்கக் கோலாரை அடுத்த டமகாவிலுள்ள வேளாண் அறிவியல் மையத்தில் கேளுங்கள். ஆர்சனிக், ஈயம் பார்க்கப் பெங்களூரில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எல்லோரும் பயப்படும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆர்சனிக் அப்படிப் போகாது.

மரம் நடுவதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்துங்கள். மழையில் கரைந்து வரும் மண் ஓடை வழியே ஏரிக்கும் வயலுக்கும் போகிறது. மலையடியை ஒட்டி இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டி, அது முடியும் இடத்தில் வண்டல் தங்கும் குழி எடுங்கள். வாய்க்கால் கரையில் வெட்டிவேர்த் தூர்களை அரையடிக்கு ஒன்றாக, சமமட்டக் கோட்டில் நடுங்கள். ஆளுயரத்துக்கு மேல் இறங்கும் அதன் வேர் மண்ணைக் கட்டிப்போடும்; ஆர்சனிக்கையும் தாங்கும். ஆனால் அந்த வேரை எடுத்துப் பானையில் போடவோ விற்கவோ கூடாது. விஷம் முக்கியமாக வேரில்தான் தங்கும். குழியில் சேர்ந்த வண்டலையும் வயலுக்கு அடிக்காதீர்கள். ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலில் கொட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். இங்கே அது ஆபத்து. வாரியதை மேட்டடியிலேயே கொட்டி மூடுங்கள்.

அதன் பிறகு மேல்மண். பட்டை முழுவதும் ஓரடி உயரத்துக்குச் சுத்தமான செம்மண்ணும் மக்கிய சாணமும் பரப்புங்கள். குழியில் மட்டும் போட்டால் எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். சோதனையில் புளிப்பு மண் என்று வந்தால் மட்டும், வேளாண் மையத்தில் சொல்லும் அளவில் சுண்ணாம்பு சேருங்கள். சூப்பர் பாஸ்பேட்டையும் டிஏபியையும் அள்ளி வீசாதீர்கள். பாஸ்பேட் மண்ணில் ஒட்டியிருக்கும் ஆர்சனிக்கைத் தள்ளிவிட்டுத் தண்ணீரில் கலக்கச் செய்யும்.

கன்றுக் குழியை மே மாதம் எடுங்கள். நடுவது ஆகஸ்டு பாதிக்கு மேல். அதற்குள் காற்று தணிந்திருக்கும். கோலாருக்கு நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில்தான். காற்று வரும் பக்கம் ரயில் கற்றாழையும் விராலியும் நெருக்கமாக, அதன் பின்னால் ஆவாரை, வீட்டுப் பக்கம் புங்கனும் வேம்பும். முருங்கை, கீரை, புளி, மா என்று சாப்பிடுகிற எதுவும் வேண்டாம்.

வேலி இல்லாமல் இது எதுவும் நிற்காது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லும் நம்மைப்போலப் புழுதியில் தவித்த சுரங்க ஊர்தான். அங்கே ஆல்பர்ட் மாரிஸ் என்பவர் 1936-இல் தொடங்கிய வேலையில் முக்கியமானது வேலி. ஆடும் முயலும் உள்ளே போகாததால் அந்த மண்ணின் செடிகள் தாமே முளைத்து வந்தன. இங்கேயும் ஆட்டை வெளியே நிறுத்துவதில் ஆட்டுக்கும் பாதுகாப்பு, பாலும் கறியும் உண்கிற நமக்கும் பாதுகாப்பு. ஆடு வைத்திருக்கும் வீடுகளை முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டு, மாற்று மேய்ச்சலைப் பேசி முடித்த பிறகு கம்பி கட்டுங்கள்.

வருமானம் இந்தப் பட்டையிலிருந்து வராது, நாற்றங்காலிலிருந்து வரும். நல்ல மண்ணுள்ள இடத்தில் மகளிர் குழு வெட்டிவேர்த் தூரும் புங்கன் கன்றும் வளர்த்தால் நமக்கும் ஆகும், வெளியிலும் விற்கலாம். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குக் கூலி ஒதுக்கிவிட்டே கன்று வாங்குங்கள். சும்மா செய்யச் சொன்னால் மார்ச் மாதத்தில் ஆள் இருக்காது, அதைக் குறை சொல்லவும் முடியாது. விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் நாம்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் பட்டையின் மண்ணையும் மறுபடி சோதனைக்கு அனுப்புங்கள். வந்த எண்களைத் தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு எதிர்ச்சுவரில் ஒட்டுங்கள்.