வலி எத்தனை மணிக்கு வருகிறது?

பார்க்கின்சன் உள்ளவர்களுக்குப் பிசியோதெரபி கொடுக்க வீடு வீடாகப் போகிறவள் நான். உள்ளே நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, வலி எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான். "எப்பவும்தான் வலிக்குது, வயசாச்சில்ல" என்பார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்திருக்கும். இடுப்புக்கு பெல்ட், முட்டிக்குத் தைலம், தினமும் ஒரு வலி மாத்திரை என்று வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கும். அறுபதைத் தாண்டிய பெரும்பாலோர் முதுகைப் படம் எடுத்தால் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அந்தப் படம் மட்டும் வலிக்குக் காரணம் சொல்லிவிடாது. பார்க்கின்சனே தசையை இறுக்கி வலிக்க வைக்கும். தோள்பட்டை இறுகி மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்த பிறகு, கை நடுங்கத் தொடங்கி நோய் இன்னதென்று தெரியவந்தவர்களும் உண்டு.

ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி: வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு, எந்த இடத்தில், உடம்பு இலகுவாக இருக்கிறதா இறுகியிருக்கிறதா. பார்க்கின்சன் மாத்திரை விழுங்கிய நேரத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மூன்று நாள் போதும் என்பார்கள். நான் ஐந்து நாள் கேட்பேன்.

இந்த எளிய வேலையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இரவு உட்கார்ந்து மொத்த நாளையும் நினைவிலிருந்து எழுதுவார்கள். வலி அதிகமான நேரத்தை மட்டும் குறிப்பார்கள். வலி இல்லாத நேரம்தான் நமக்கு முக்கியத் தடயம். சீட்டில் 8 மணி என்று இருப்பதால், மாத்திரையை 8.40-க்குப் போட்டுவிட்டு 8 என்று எழுதுவார்கள். தயவுசெய்து உண்மையான நேரத்தை எழுதுங்கள். நோயாளியின் கையெழுத்து எறும்பு போலச் சுருங்கியிருக்கும், அதனால் வீட்டிலிருக்கும் ஒருவர் எழுதட்டும். ஆனால் எண்ணை அவரையே கேட்டு எழுத வேண்டும். முகத்தைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். இந்த நோயில் முகத் தசையும் இறுகிவிடும். உள்ளே எட்டு வலி வலித்தாலும் முகம் அமைதியாகத்தான் இருக்கும். "அப்பா ஒண்ணும் சொல்லலியே, நல்லாத்தான் இருக்கார்" என்று எத்தனையோ வீட்டில் கேட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் நோட்டைப் புரட்டினால் ஒரு ஒழுங்கு தெரியும். அடுத்த மாத்திரைக்கு முந்தைய மணியில் வலி ஏறி, மாத்திரை போட்டு ஒரு மணிக்குள் இறங்கினால் அது மருந்து இறங்கும் நேரத்து வலி. விடிகாலையில் கால் விரல் மடங்கி இழுப்பதும் பெரும்பாலும் இதே வகை. மாடிப்படி ஏறினால், நெடுநேரம் நின்றால் வலித்து, மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் மூட்டின் மேல் சந்தேகப்படலாம். புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போலப் பாய்ந்தால் நரம்பு. பலருக்கு இரண்டு மூன்றும் கலந்தே இருக்கும்.

முதல் வகைக்கு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், நோட்டோடு. மாத்திரையின் நேரத்தையோ அளவையோ அவர் மாற்றினாலே வலி குறையக்கூடும். நீங்களாக மாற்றக் கூடாது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மூட்டு வலிக்கு எலும்பு மருத்துவரிடம் போனால் எல்லாச் சீட்டையும் காட்டுங்கள். வலிக்குக் கொடுக்கும் ட்ரமடால், பார்க்கின்சனுக்குச் செலிஜிலின் அல்லது ரசாஜிலின் சாப்பிடுபவருக்கு ஆகாது. டைக்ளோஃபெனாக் மாதிரியானவை வயதானவரின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். தலைசுற்றலுக்கு மருந்துக்கடையில் சின்னரிசின் வாங்கிப் போடாதீர்கள்; இறுக்கமும் நடுக்கமும் கூடும். பூனைக்காலி விதையிலும் பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா இருக்கிறது. சூரணமாகச் சாப்பிட்டால், மூலிகைதானே என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கீழே விழுந்த பிறகு வந்த முதுகு வலி, காய்ச்சலோடு வரும் வலி, கால் திடீரென மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது: இவற்றுக்கு நோட்டெல்லாம் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி கழித்தோ போடுவது நல்லது. பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாவற்றிலும் உள்ள புரதம் மருந்தோடு போட்டி போடும். ஆகவே பால் காபியோடு விழுங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், வெறும் தண்ணீர். குமட்டினால் ஒரு பிஸ்கட். இரும்புச்சத்து மாத்திரையைத் தள்ளிப் போடுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், இடுப்பு வலியை அது கூட்டும்.

பயிற்சி, மருந்து ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும். இறுகிக் கிடக்கும் உடம்பை இழுத்து வளைக்க என்னிடம் அனுமதி இல்லை. பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் (சர்க்கரை உள்ளவருக்குச் சூட்டை உங்கள் கையில் சோதித்த பின்), பிறகு குதிகால், புட்டம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நிற்பது, பிறகு நடை. கூன் விழுவதால் வரும் முதுகு வலிக்கு இந்தச் சுவரைத்தான் நான் பெல்ட்டைவிட நம்புகிறேன். பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறுங்கள், வெஸ்டர்ன் டாய்லெட் வையுங்கள். இதில் பிடிவாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கட்டிலிலிருந்து எழுவதுதான் முதுகைக் கெடுக்கும் இடம். பிள்ளைகள் இரண்டு கையையும் பிடித்து நேராகத் தூக்குவார்கள்; இறுகிய தோளில் அது பிய்த்தெடுக்கும். இப்படிச் செய்யுங்கள்: மல்லாந்த நிலையில் இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தலையைத் திரும்ப வேண்டிய பக்கம் திருப்பி, எதிர்க்கையை அந்தப் பக்கம் வீச வேண்டும். முழங்கால்கள் அதே பக்கம் சாய்ந்தால் இடுப்பு தானாகப் பின்தொடரும். பக்கவாட்டில் வந்த பின் கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்ததும் நிற்கக் கூடாது. ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும், பலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நீங்கள் பக்கத்தில் நின்று "முட்டி, தலை, கை" என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். ஒரே நேரத்தில் இரண்டைச் சொன்னால் குழம்பிவிடுவார்கள்.

இரவில் புரள முடியாமல் ஒரே பக்கம் கிடப்பதாலும் காலையில் இடுப்பு வலிக்கும். பருத்தி விரிப்பும் பருத்தி லுங்கியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இடுப்பு படும் இடத்தில் மட்டும் ஒரு சாட்டின் துணியைக் குறுக்கே விரித்து, இரு பக்கமும் மெத்தைக்கடியில் செருகிவிடுங்கள். உட்கார்ந்து எழும் விளிம்பில் அதன் மேல் ஒரு முழ அகலத்துக்குப் பருத்தித் துணியைப் போர்த்திச் செருக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் எழும்போது வழுக்கிவிடும்.