குளத்தின் கணக்கு: கோய் கெண்டை வளர்ப்போர்க்கு ஒரு பாடம்

மணலி புதுநகரிலும் அதனை அடுத்த ஊர்களிலும், வீட்டுப் புறக்கடையில் சிறு குளம் அமைத்து, அல்லியும் தாமரையும் வளர்த்து, அவற்றினிடையே கோய் கெண்டை என்னும் வண்ண மீன்களை விடும் ஆசை நமது அங்கத்தினர் சிலரிடம் காணப்படுகிறது. பகலெல்லாம் தறியில் அமர்ந்திருப்பவருக்கும், தோட்டத்தில் வெயிலில் நிற்பவருக்கும் மாலை வேளையில் இம்மீன்களைக் கண்டு களிப்பது நல்ல இளைப்பாறலே. கொளத்தூரில் வண்ண மீன் வாணிபம் பெருக நடைபெறுவதால் மீன் வாங்குவதும் எளிது. ஆயினும், வாங்கிய மீனை வாழவைப்பதே அரிது. அதற்குரிய வழிகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மீனின் வரலாறு

கோய் மீன் அரண்மனையில் தோன்றியதன்று. ஜப்பான் நாட்டில் நீகாட்டா மாகாணத்து மலைக் கிராமங்களில் நெல் பயிரிட்ட குடியானவர்கள், குளிர்காலத்து உணவுக்காகக் கெண்டை மீன்களைக் குளங்களில் வளர்த்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றுள் சில செந்நிறமும் வெண்ணிறமும் கொண்டு பிறந்தன. குடியானவர்கள் அவற்றை உண்ணாமல் பேணி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். 1914-இல் டோக்கியோ நகரில் நடந்த பொருட்காட்சியில் அவை வைக்கப்பட்ட பின்னரே உலகம் அவற்றை அறிந்தது. ஆகவே இது பயிரிடுவோர் கண்டெடுத்த செல்வம் எனலாம்.

நன்கு பேணப்படும் கோய் மீன் 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இரண்டடி நீளம் வரை வளரும். கடையில் விரல் நீளத்தில் காணும் குஞ்சை வாங்குகிறவர், ஒரு தலைமுறைக்குரிய பொறுப்பை ஏற்கிறார் என்பதை முதலில் உணர வேண்டும்.

ஓர் அனுபவம்

கோடைக் காலத்தில் ஒரு நாள், தணிக்கை முடிந்தபின் அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். புறக்கடையில் பத்தடி நீளமும், எட்டடி அகலமும், நான்கடி ஆழமும் கொண்ட குளம். அதில் பதினொரு கோய் மீன்கள்; ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்தவை. வெயிலினால் நீர் மிகவும் குறைந்திருந்தது. "என்ன செய்யலாம் ஐயா?" என்று அவர் கேட்டார். படித்தவர் என்ற எண்ணத்தில் நம்மைக் கேட்டார். நாமும் அந்த எண்ணத்திலேயே, "லாரித் தண்ணீர் வந்திருக்கிறதே, உடனே நிரப்பிவிடுங்கள்" என்று கூறிவிட்டு வந்தோம். அவரும் அவ்வண்ணமே குளத்தில் மூன்றில் ஒரு பங்கு நீரை அன்று மாலையே ஊற்றினார்.

மறுநாள் காலையில் ஏழு மீன்கள் செத்து மிதந்தன. குடிநீரைச் சுத்தம் செய்வதற்காகக் கலக்கப்படும் குளோரின், மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவிலும் மீனின் செவுள்களைப் பொசுக்கிவிடும் என்பதை நாம் அப்பொழுது அறியவில்லை. அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அவர் மகள் மட்டும், மீன்களுக்குத் தீனி போட்ட நாட்களைக் குறித்து வைத்திருந்த சிறு நோட்டுப் புத்தகத்தை நம்மிடம் காட்டி, "எங்கே தப்பு நடந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். தப்பு அந்த நோட்டில் இல்லை, நம்மிடம் இருந்தது. அதை ஒப்புக்கொண்ட பின்னரே இத்துறையைக் கற்கத் தொடங்கினோம். எஞ்சிய நான்கு மீன்களும் இன்றும் அக்குளத்தில் நலமாக இருக்கின்றன.

வரவும் செலவும்

குளத்தை ஒரு சங்கமாகக் கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். நாம் இடும் தீனி, குளத்துக்குக் கொடுக்கும் கடன். மீன் தின்றது போக, அதன் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. ஒரு கிலோ தீனியிலிருந்து ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா பிறக்கும். இக்கடனைத் தீர்ப்பவர் இருவர். கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் ஒருவர். அவை அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நச்சே, நைட்ரேட் பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டாமவர் செடிகள். அவை அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. பயலுக்கு இடும் உரத்தில் உள்ள தழைச்சத்தே இது என்பதைப் பயிரிடுவோருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தீர்க்கும் சக்திக்கு மேல் கடன் கொடுத்தால் சங்கம் முழுகும், குளமும் அப்படியே. ஆகவே பின்வரும் விதிகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மீன் தொகையை அளவோடு வைப்பது. செடிகளை நம்பி நடத்தும் இயற்கைக் குளத்தில் 1000 லிட்டர் நீருக்கு ஒரு மீன் என்பதே பத்திரமான கணக்கு. மேலே கூறிய குளம் 320 கன அடி. அதாவது ஏறத்தாழ 9000 லிட்டர். அதில் ஒன்பது மீன்களுக்கு மேல் விடலாகாது.

இரண்டாவது, தீனியில் சிக்கனம். கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் மிகுதியாகத் தின்றால் செரியாமலே வெளியேறும். ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும். வெயில் ஏறியபின் காலையில் ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும் இடலாம்.

மூன்றாவது, பொறுமை. நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக ஆறு வாரம் வரை ஆகும். குளம் கட்டிய மறுநாளே எல்லா மீன்களையும் விடுவது, பங்குத்தொகை சேருமுன் கடன் வழங்குவதற்கு ஒப்பாகும். முதலில் இரண்டு மீன்களை விட்டுப் பார்த்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே முறை.

குளமும் செடியும்

புதிய சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். அதனால் நீரின் காரம் மிகும். வாழைத் தண்டை வெட்டிப் போட்டு நீர் நிரப்பி ஊறவைத்து, பலமுறை இறைத்துக் கழுவிய பின்னரே மீன் விட வேண்டும். ஆழம் நான்கடிக்குக் குறையலாகாது. ஆழமற்ற நீர் சித்திரை வெயிலில் கொதித்துப்போகும்.

கோய் மீன் மண்ணைக் கிளறி இரை தேடும் இயல்புடையது. செடியின் வேரைப் பறித்துவிடும். ஆகையால் குளத்தின் ஒரு பகுதியில் மேடை கட்டி, கல் வரிசையால் தடுத்து, அங்கே கோரை, சம்பு, வசம்பு, கல்வாழை ஆகியவற்றை நட வேண்டும். அல்லியைத் தொட்டியில் நட்டு, மண்ணின்மீது கூழாங்கற்களைப் பரப்பி, குளத்துக்குள் இறக்கி வைக்கலாம். நீர்ப்பரப்பில் பாதியளவு இலை மூடியிருந்தால் போதும். பாதிக்கு மேல் மூடினால் காற்று நீரில் கலப்பது குறையும். வெங்காயத் தாமரையை அறவே விலக்க வேண்டும். அது நம் ஏரிகளை என்ன செய்கிறது என்பதை யாவரும் அறிவோம்.

வாரம் ஒரு முறை பழுத்த இலைகளை அகற்றுக. அகற்றப்படும் இலையோடு குளத்தின் கழிவும் வெளியேறுகிறது. மாற்றும் நீரையும் வீணாக்காமல் கத்தரிக்கும் வெண்டைக்கும் பாய்ச்சலாம்.

நமது ஊர் நீர்

வடசென்னையில் நீரே பெரிய கேள்வி. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் 1960-களிலிருந்தே கடல்நீர் ஊடுருவி வருகிறது. ஆகவே கிணற்று நீரைச் சோதியாமல் ஊற்றலாகாது. கோய் மீன் சிறிது உப்பைப் பொறுக்கும். அல்லிச் செடி பொறுக்காது. ஆழ்குழாய் நீரில் பிராணவாயுவும் குறைவு. அதனைத் தொட்டியில் கொட்டி, காற்றுப்படும்படி வைத்திருந்து பயன்படுத்த வேண்டும்.

குழாய் நீரிலும் லாரி நீரிலும் குளோரின் உண்டு. அகன்ற வாயுள்ள தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். அவசரத்துக்கு, வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டைக் கடைக்காரர் கூறும் அளவில் கலக்கலாம். எவ்வாறாயினும் ஒரு நாளில் குளத்து நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றலாகாது.

மழைநீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாமையால், பெருமழைக்குப்பின் குளத்து நீரின் தன்மை திடீரென மாறும். கிளிஞ்சல்களை ஒரு வலைப்பையில் கட்டிக் குளத்தில் தொங்கவிட்டால் அவை மெல்லக் கரைந்து நீரைச் சமநிலையில் வைக்கும். மாறாக, நீரின் காரம் மிகுதலும் தீதே. பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் நச்சுப்பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிறது.

நெசவாளருக்கு ஒரு வார்த்தை: சாயம் தோய்த்த நூலையோ பாத்திரத்தையோ குளத்தருகில் அலசாதீர்கள். பயிரிடுவோருக்கு ஒரு வார்த்தை: பூச்சிமருந்து தெளிக்கும் கருவியைக் குளக்கரையில் கழுவாதீர்கள். சில துளிகளும் குளத்தை அழிக்கும்.

விடியற்காலத் தட்டுப்பாடு

நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் சுமார் 7½ மில்லிகிராமே தாங்கும். செடிகளும் பாசியும் பகலில் பிராணவாயுவைத் தந்தாலும், இரவில் மீனோடு சேர்ந்து தாமும் அதைச் செலவழிக்கின்றன. ஆகையால் விடியுமுன் இருப்பு மிகக் குறைந்திருக்கும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசியன்று, மூச்சுத் திணறல். இரவு முழுவதும் சிறு பம்பினால் நீரை மேலிருந்து விழச் செய்வதே இதற்குப் பரிகாரம்.

நோய் வராமல் காத்தல்

நோயில் பெரும்பகுதி புதிய மீனோடு வருகிறது. வாங்கி வந்த மீனை மூன்று முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே குளத்தில் விடுக. கோய் ஹெர்பெஸ் என்னும் வைரஸ் நோய் 1990-களின் இறுதியில் வெளிநாடுகளில் கண்டறியப்பட்டது. செவுள் வெளுத்து, கண் குழிந்து மீன் மடியும். அதற்கு மருந்தில்லை. கோய் மீனைச் சோர்ந்து படுக்கச் செய்யும் மற்றொரு வைரஸ் நோய் இந்தியாவிலும் காணப்பட்டதாக 2016-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். தனிமைப்படுத்தும் தொட்டியே இவற்றுக்கு எதிரான வேலி.

மீன் பேன், நங்கூரப் புழு ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. மீன் உடலைக் கல்லில் உரசிக்கொண்டால் அவற்றைத் தேடுக. நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுக. இலேசான தோல் நோய்க்கு 100 லிட்டர் நீருக்கு 300 கிராம் கல்லுப்பு போதும். இந்த உப்பைக் குளத்தில் கொட்டினால் செடிகள் வாடும். வேறு மருந்துகளைத் தெரிந்தவரைக் கேளாமல் ஊற்றலாகாது. மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருப்பது நம் பகுதியினருக்கு நல்வாய்ப்பு.

வெள்ளக் காலம்

மணலி புதுநகர் கொசஸ்தலை ஆற்றை ஒட்டியது. 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் புகுந்ததை மறந்தவர் இரார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் வெள்ளநீரோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது.

வெள்ளம் குளத்துக்குள் வந்தால் மீனுக்குக் கேடு. குளத்து மீன் வெள்ளத்தோடு சென்றால் ஆற்றுக்குக் கேடு. கோய் நம் நாட்டு மீனன்று. அதன் உறவினமான சாதாக் கெண்டை 1939-இல் உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இவ்வினம் சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, செடிகளை அழித்து, உள்நாட்டு மீன்களின் வாழ்விடத்தைக் கெடுக்கும் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. முகத்துவாரத்து மீனவர் ஏற்கெனவே பட்ட துன்பம் போதும். நம் பங்குக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

ஆகையால் குளத்தின் கரையைத் தரைக்கு மேல் இரண்டடியாவது உயர்த்திக் கட்டுக. மேலே வலை இடுக. பூண்டி ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தவுடன், மீன்களை மாடியிலுள்ள பெரிய தொட்டிக்கு மாற்றுக. குளத்து நீரையே அதில் நிரப்பி, நிழல் கொடுத்து, தீனியை நிறுத்திவிடலாம். நல்ல மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் கெடாது. வளர்க்க முடியாத மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாமல், வளர்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

முடிவுரை

அந்தச் சிறுமியின் நோட்டில் இப்பொழுது தீனியோடு வேறு பத்திகளும் உள்ளன: மாற்றிய நீரின் அளவு, அது எத்தனை நாள் வைத்திருந்த நீர், விடியற்காலையில் மீன்கள் இருந்த நிலை. நாம் செல்லும்போதெல்லாம் அதை வாங்கிப் பார்க்கிறோம். நாம் தணிக்கை செய்யும் ஏடுகளில் அதைவிட ஒழுங்கானது அரிது. குளம் வைத்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் அத்தகைய நோட்டு ஒன்று வைத்துக்கொள்வாராக.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் குளத்தின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து, எத்தனை மீன்கள் வைக்கலாம் எனக் கணக்கிடுக.

2. லாரித் தண்ணீரை உடனே குளத்தில் ஊற்றலாகாது என்பதன் காரணம் யாது?

3. மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறப்பது எதனால்? என்ன செய்ய வேண்டும்?

4. வெள்ள அறிவிப்பு வந்தால் உங்கள் வீட்டில் மீன்களை எங்கே வைப்பீர்கள்? இன்றே இடத்தைத் தீர்மானித்துக் குறித்துக்கொள்க.