பாய்க்கு முன்னால் கம்பி

கேள்வி: நானும் தம்பியும் சேர்ந்து பழைய ‘என்டர்பிரைஸ்’ பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். நீலப் பாய்கள் இரண்டும் வெளுத்துத் தொளதொளவென்று ஆகிவிட்டன. காற்றுக்கு எதிராகச் சாய்வாக ஏறவே மாட்டேன் என்கிறது படகு. புதுப் பாய்கள் வாங்கிவிடலாமா? வேகத்துக்கு ஸ்பின்னக்கரும் சேர்க்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: பாய்க்கு ஒதுக்கிய பணத்தைக் கொஞ்ச நாள் பொத்தி வையுங்கள். முதலில் பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் மூன்று கம்பிகளைப் பாருங்கள்: பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது விற்றவருக்கே தெரியாவிட்டால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கம்பி பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. நுனியில் குழலுக்குள் செருகி நசுக்கிப் பிடித்திருக்கிறார்களே, அங்கேதான் அறும். உப்புநீர் அந்த இடுக்கில் தங்கிவிடும். காற்றுப் படாத இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும், வெளியே பளபளவென்று இருந்தாலும். பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்தால் பிரித்துப் பாருங்கள். பழைய துணியால் கம்பியை மேலிருந்து கீழ்வரை உருவினால், அறுந்த இழை துணியில் மாட்டும். ஓர் இழை மாட்டினாலும் மூன்றையும் மாற்றுங்கள். என் முதல் படகில் காற்றடிக்கும் பக்கத்துக் கம்பி அறுந்து மரம் கடலில் சாய்ந்தது. பாய் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அது கிழிந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. 19 இழைகளை ஒரே வடமாக முறுக்கிய விறைப்பான கம்பியைக் கேட்டு வாங்குங்கள். அது எளிதில் நீளாது.

அடுத்தது ஆஞ்சான். பாயை ஏற்றும் கயிற்றை நம் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் குறையில் பாதி இங்கே இருக்கலாம் என்பது என் சந்தேகம். என்டர்பிரைஸில் முன்கம்பியின் வேலை, முன்பாய் இறங்கியிருக்கும்போது மரத்தைத் தாங்குவது. முன்பாயை ஏற்றி இறுக்கியதும் அதன் முன்விளிம்பும் ஆஞ்சானும் சேர்ந்து மரத்தைப் பிடித்துக்கொள்ளும், முன்கம்பி தொய்ந்துவிடும். தொய்வதுதான் சரி. ஆஞ்சான் நீளும் கயிறாக இருந்தால் முன்விளிம்பு வில்லாக வளையும். அப்புறம் எந்தப் பாயைப் போட்டாலும் படகு காற்றை நோக்கி ஏறாது. காற்றுள்ள நாளில் ஓடும்போது தம்பியை அந்த விளிம்பின் கீழிருந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக வளைந்து தெரிந்தால், முன்பாயின் ஆஞ்சானை வளைந்து கொடுக்கும் ஸ்டீல் கம்பியாகவோ நீளாத நல்ல டைனீமா கயிறாகவோ மாற்றுங்கள். பாயை விட மிகக் குறைந்த செலவு.

இத்தனையும் முடித்த பிறகு பாய். ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முன்பாயை முதலில் வாங்குங்கள் என்பேன். பாலியெஸ்டர் துணி போதும். போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால் என்டர்பிரைஸ் படகு வகுப்பின் விதிப்படி தைப்பவரிடமே கேளுங்கள். பாய் நீலமாக இருப்பதும் விதிதான். பழைய பாய்களை எறியாதீர்கள், பழகும் நாட்களுக்கு ஆகும்.

ஸ்பின்னக்கர் என்னும் பலூன்பாய் வேண்டாம். வகுப்பு விதி அதற்கு இடம் தரவில்லை. அதை விடுங்கள், 1956-இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த இந்தப் படகு 4.04 மீட்டர்தான். அதற்கே ஏறக்குறைய 10.5 சதுர மீட்டர் பாய் இருக்கிறது. மதியக் கடற்காற்று வலுத்தால், இருவரும் விளிம்பில் உட்கார்ந்து முழு உடம்பையும் வெளியே சாய்த்தாலும் போதாது.

மரத்தை நிறுத்தியதும் அதன் உச்சியிலிருந்து பின்பலகையின் மேல்விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். பாய் தைப்பவர் தரும் அளவோடு ஒப்பிட்டு, மரத்தின் சாய்வைச் சரிசெய்ய அது வேண்டும். கரை திரும்பியதும் பாயோடு கம்பி, கப்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாயை ஏற்றியபடியே படபடக்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்; வெயிலும் அந்தப் படபடப்பும்தான் புதுத் துணியைக் கெடுப்பவை.