மழைத்துளி முத்தாகுமா?

மாணவர்களே! சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உடன்குடியில் ஒரு மாணவன், "எங்கள் தெருவில் பத்துப் பேர் சொல்கிறார்களே, சார்! பொய்யாக இருக்குமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அந்தப் பத்துப் பேரும் நேரில் பார்த்தவர்களா? ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒன்பது பேர் சொன்னால், சாட்சி பத்தல்ல, ஒன்றுதான். நூலுக்கும் இதே விதிதான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி அறிஞர் பிளினி, பனித்துளியிலிருந்து முத்து பிறப்பதாக எழுதினார். அவர் கேட்டவற்றையும் படித்தவற்றையும் தொகுத்தவர்.

அடுத்து, சொல்லப்படுவது நடக்கக்கூடியதா? மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் கடலடியில், 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில், நூல் போன்ற இழைகளால் ஒட்டி வாழ்கின்றன. அவற்றின்மேல் பல மீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் நிற்கிறது. மழைத்துளி மேற்பரப்பிலேயே கலந்துவிடும். துளியாகக் கீழே இறங்காது.

கடைசியாக, செய்து காட்ட முடியுமா? ஜப்பானியர் முன்பே முத்து வளர்த்திருந்தனர். 1973-இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் வளர்த்துக் காட்டினர். ஒரு சிறு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் சிப்பியின் உடலுக்குள் வைத்தனர். திசு வளர்ந்து மணியைப் பைபோல் மூடியது. அது சுரந்த கால்சியம் கார்பனேட் படலம் படலமாகப் படிந்து முத்தாயிற்று. மழைத்துளிக்கு அங்கே வேலையே இல்லை!

கைபேசியில் வரும் செய்தியையும் இந்த மூன்று கேள்விகளால் சோதியுங்கள்: யார் பார்த்தார்? நடக்கக்கூடியதா? மீண்டும் செய்து காட்ட முடியுமா? இந்தக் கட்டுரைக்கும் விதிவிலக்கு இல்லை.