ஐப்பசி மழையும் தீவன மூட்டையும்

மாட்டுத் தீவனத்தில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. அடைமழையில் அந்த அளவைக் காப்பது கடினம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டியது. நனைந்த மல்லாட்டைப் புண்ணாக்கை வெயிலில் உலர்த்தி மறுபடி மாட்டுக்கு வைப்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் காய்ந்தாலும், கழிச்சலை உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா சாகாது. உலர்ந்த தீவனத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து, ஈரம் கண்டதும் பெருகும். நிறத்திலோ மணத்திலோ அது தெரியாது.

ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு நான்கைந்து நாள் ஆகும். அதற்குள் மூட்டை காலியாகிவிடும். கோடு காட்டும் பட்டை, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர், 60 முதல் 65 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் மரபணுவைப் பெருக்கும் லேம்ப் ஆகியவை விரைவு முறைகள். விரைவு என்றாலும் ஓர் இரவு காத்திருக்கத்தான் வேண்டும். 25 கிராம் தீவனத்தில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்பதே சோதனையின் அளவுகோல். அவ்வளவு குறைவானதைப் பிடிக்க, மாதிரியை ஊட்டநீரில் 37 டிகிரியில் வைத்துக் கிருமியைப் பெருக்கிய பிறகே பட்டையோ பிசிஆரோ பயன்படும். சில நிமிடங்களில் முடிவு சொல்லும் அஃப்ளாடாக்சின் பட்டை வேறு. அது பூஞ்சை நஞ்சைக் காட்டும், பாக்டீரியாவைக் காட்டாது.

கிருமி மூட்டைக்குள் திட்டுத்திட்டாக இருக்கும். மேலாக அள்ளிய ஒரு கைப்பிடியில் இல்லை என்றால், அந்தக் கைப்பிடியில் இல்லை என்று மட்டுமே பொருள். பல மூட்டைகளின் மேல், நடு, அடியிலிருந்து சுத்தமான கரண்டியால் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் புதிய பையில் கட்ட வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் உள்ளது. அனுப்புமுன் சால்மோனெல்லா சோதனை வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. ஒரு மாடு வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு கட்டாது. மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில் பால் கொடுப்பவர்கள் சேர்ந்து செய்தால் கட்டும்.

மழை வலுக்குமுன், இரண்டு வாரத் தேவைக்கு மேல் தீவனம் வாங்கி அடுக்காமல் இருப்பது நல்லது. மூட்டைகள் சுவரை ஒட்டாமல் பலகை மேல் இருக்க வேண்டும். கழனித் தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைந்ததைக் குழியில் புதைக்க வேண்டும். கன்று காய்ச்சலோடு கழிந்தால் அந்தத் தீவனத்தை நிறுத்தி, ஒரு பிடியைத் தனியே கட்டி வைத்துவிட்டு, 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

நாய்த் தீவனமும் விலக்கல்ல. 2012-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் உலர் நாய்த் தீவனத்தின் வழியே 49 பேருக்கு சால்மோனெல்லா தொற்றியது. நாய்க்குப் போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூடாது.