தாத்தாவின் தூக்கம்

தாத்தாவுக்கு வயது 68. இரவில் நான்கைந்து முறை விழிப்பார். பகலில் சோர்ந்து கிடப்பார்.

"வயசானா தூக்கம் வராது. தூக்க மாத்திரை வாங்கி வாம்மா" என்றார் மகளிடம்.

மகள் வாங்கவில்லை. அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் சொன்னார்:

"ஐயா, வயதானால் தூக்கம் லேசாகும். அடிக்கடி விழிப்பு வரும். ஆனாலும் 65 வயதுக்கு மேலும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

நமக்கு வயது இரண்டு. ஒன்று, பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயது. மற்றொன்று, உடலின் வயது.

துண்டின் ஓரம் பிரியாமல் இருக்க முடிச்சுப் போடுகிறோம். நம் உடலின் செல்களுக்குள்ளும் நூல் போன்ற இழைகள் உண்டு. அவற்றின் நுனியிலும் அப்படி ஒரு காப்பு உண்டு. வயது ஏற ஏற அது தேயும். தூக்கம் கெட்டவர்களிடம் அது அதிகம் தேய்ந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. உடல் மூப்படைவதற்கு இது ஓர் அடையாளம்."

பிறகு மகளிடம், "குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நிற்கிறதா?" என்று கேட்டார்.

"ஆமாம் டாக்டர். திடுக்கென்று விழித்துக்கொள்வார்."

"இதற்குச் சிகிச்சை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன். மாத்திரையை நீங்களாகச் சாப்பிடாதீர்கள். மூச்சுத் தடை கூடலாம். இரவில் தடுமாறி விழலாம்."

தாத்தா தலையாட்டினார்.

நல்ல தூக்கத்துக்கு:
1. தினமும் ஒரே நேரத்தில் படுங்கள், ஒரே நேரத்தில் எழுங்கள்.
2. காலை வெயிலில் நடங்கள்.
3. மாலைக்குப் பின் டீ, காபி வேண்டாம்.
4. பகலில் அரை மணிக்கு மேல் தூங்க வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள்? கேட்டு எழுதுங்கள்.